தாசில்தார் சொன்ன மூலம்

'பேரிடர்' என்கிற சொல் எங்கள் காலத்துத் தாலுகா அலுவலகத்தில் புழங்கியதில்லை. வெள்ளச் சேதம் என்போம், புயல் சேதம் என்போம். கொஞ்சம் தமிழ் படித்தவர்கள் இயற்கைச் சீற்றம் என்று எழுதுவார்கள். இப்போது அதற்கென்று தனிப் பிரிவு, தனிப் பயிற்சி, தனி வாட்ஸ்அப் குழு எல்லாம் வந்துவிட்டது. போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பெண் அதிகாரி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "சார், நீங்க வருவாய்த் துறையில இருந்தவங்கதானே? பேரிடர்ங்கிற வார்த்தைக்கு மூலம் என்ன சார்? பயிற்சியில கேக்காங்க" என்றார். எனக்கு ரசம் புரையேறிவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீரை எடுத்து நீட்டினார். மூலம் என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு இன்றும் அப்படித்தான் ஆகிறது. காரணத்தைப் பந்தியில் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அளவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சேற்று வயலில் நடந்தேன். அடங்கல் என்கிற பயிர்க் கணக்கை எழுதக் கற்றுக்கொண்டேன். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதுதான் பிற்பாடு அதிகம் உதவியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வருவாய் ஆய்வாளர் ஆனேன். ஊர்க்காரர்கள் வாயில் ஆர்.ஐ. அப்போது எங்களுக்குத் தாசில்தாராக வந்தவர் ஞானதாஸ். பாளையங்கோட்டைக்காரர். அவருடைய அப்பா வேதாகமக் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பித்தவர். மற்ற பிள்ளைகள் வீட்டில் பம்பரம் விட்ட வயதில் இவர் கிரேக்க எழுத்தை எழுதிப் பார்த்திருக்கிறார். அதன் பலனை நாங்கள் அனுபவித்தோம்.

எந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டாலும் அதைப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பலாப்பழம் அரிகிறவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதுபோல, முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்ததும் அலுவலகத்தில் பாதிப் பேர் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். தேர்தல் வேலையில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது, "கேன்டிடேட்டுக்கு மூலம் தெரியுமா வே? லத்தீன்ல வெள்ளை உடுத்தினவன்னு அர்த்தம். ரோமாபுரியிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுதான் ஓட்டுக் கேட்டிருக்கான்!" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். தாசில்தார் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், எங்கள் துறையில் மூலம் என்றால் அசல் பத்திரம். ஊரில் மூலம் என்றால் வியாதி. அவருக்கோ சொல்லின் வேர். ஒருமுறை நகல் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை எழுத்தரிடம், "மூலம் இருக்கா வே?" என்று கேட்டார். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "போன வருசமே ஆபரேசன் பண்ணியாச்சு சார்" என்றார். இந்தச் சிரிப்பு அடங்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. மூலத்துக்கு நான்காவதாக ஓர் அர்த்தமும் உண்டு என்பது அப்போது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை.

ஆனால் வாக்குமூலம் எடுப்பதில் ஞானதாஸ் சாரை மிஞ்ச ஆள் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துக் கேட்கமாட்டார். இரண்டு நாற்காலி போடச் சொல்வார். நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுகிறவர் என்றால் தானும் தரையில் உட்கார்ந்துவிடுவார். "கண்ணால பாத்தத மட்டும் சொல்லணும். கேள்விப்பட்டது வேண்டாம், நினைச்சது வேண்டாம்" என்பது முதல் வாக்கியம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எழுதி முடித்ததும் அவரே கையில் வாங்கி, தேவாலயத்தில் வேதம் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டுவார். "சரியா?" என்று கேட்பார். சரி என்று சொன்னாலும் விடமாட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்பார். முதல் 'சரி' பயத்தில் வருவது, இரண்டாவதுதான் ஆளிடமிருந்து வருவது என்பார். அதன் பிறகுதான் கையெழுத்து.

அந்த ஐப்பசியில் தாமிரபரணி கரையை மீறி வந்தது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றையொட்டிய ஒரு சிற்றூரில் மேலத்தெரு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊர் மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தோம். அங்கே ஒரு வீட்டில் மட்டும் சாவு. வீட்டுக்குப் பெரியவர், ஆற்றோரத் தொழுவத்தில் கட்டியிருந்த செவலைப் பசுவை அவிழ்த்துவிடப் போனவர், திரும்பவில்லை. கீழே அணைக்கட்டில் உடல் ஒதுங்கியது. பசு தானாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அவருடைய மனைவி செல்லம்மாள் ஆச்சியைப் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் பார்த்தேன். பழைய பண்ணை வீட்டு அம்மாள். நிலமெல்லாம் கைமாறிப்போய், மகன் ஆறுமுகம் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் நின்று சம்பாதிக்கிற காலம் அது. மூன்றாம் வகுப்பு அறையில் ஒரு பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு ஆச்சி அழுதுகொண்டிருந்தாள். "செவலைய அவுத்துட்டு வாங்கன்னு சொன்ன வாயி வெந்து போகாதா! மாட்டேன் மாட்டேன்னவியள நாந்தானே அனுப்புனேன், நாந்தானே அனுப்புனேன்" என்று வாயிலேயே அடித்துக்கொண்டாள். அந்தக் கையை மருமகள் கோமதி பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வள்ளியூர்ப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அழுகையில் ஆயிரம் வரும் என்று நான் அதைக் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஞானதாஸ் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே அந்த அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று, மேலே அனுப்புவதற்காக நான் எழுதி வைத்திருந்த ஆங்கில அறிக்கையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு 'ஐயையோ' என்றிருந்தது.

"டிசாஸ்டர்னு போட்டிருக்கீரு. நல்ல வார்த்தை. இதுக்கு மூலம் தெரியுமா வே?"

"தெரியாது சார்."

"டிஸ்ஸுங்கது லத்தீன், கெட்டுப்போனதுன்னு வச்சுக்கிடும். ஆஸ்டர்ங்கது கிரேக்கம், நட்சத்திரம். ரெண்டு ஊர்க்காரனுக்கும் கல்யாணம் பண்ணி வச்சவன் இத்தாலிக்காரன், பிள்ளையத் தூக்கி வளத்தவன் பிரான்சுக்காரன், இங்கிலீஷ்காரன் கடைசியா சுவீகாரம் எடுத்தான். ஆகக்கூடி, டிசாஸ்டருக்கு மூலம், கெட்ட நட்சத்திரம்!"

தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர் அவர். அந்தக் கடைசி வாக்கியம் பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. அதற்கு அடுத்து, "அந்தக் காலத்துல அப்படி நம்பினான் வே, அறியாத சனம்" என்றும் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து அரிசி லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அதனால் அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

உள்ளே அழுகை நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். "தாசில்தாரு என்னளா சொல்லுதாவ?" என்று ஆச்சி பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். "மூலம்ங்காவ ஆச்சி. கெட்ட நட்சத்திரம்ங்காவ" என்றாள் அவள். ஆச்சி திரும்பிக் கோமதியைப் பார்த்தாள். பிறகு அவள் மடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தண்ணீர் வடிந்து சனங்கள் வீடு திரும்பிய பிறகு, ஊர்த் தலையாரி வந்து சொன்னபோதுதான் விளங்கியது. கோமதி பிறந்தது மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். அதிலும் மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். "தாசில்தாரே ஜீப்புல வந்து விசாரிச்சுச் சொல்லிட்டாவளாம், மூலந்தான் காரணம்னு. வள்ளியூருக்கு ஆள் விட்டாச்சு. அவ அப்பன் வேன் கொண்டாந்து கூட்டிட்டுப் போகப் போறான். இனி எங்க திரும்பி வர?" என்றார் தலையாரி.

ஆற்றங்கரை ஊர்களில் செய்தி தண்ணீரைவிட வேகமாகப் பரவியது. ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "அண்ணாச்சி, என் வீட்டுக்காரிக்கு ஆயில்யம், அதுவும் ஆகாத நட்சத்திரம்ங்காவ. நிவாரண மனுவுல அதையும் சேத்து எழுதணுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஞானதாஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். ஆயில்யக்காரர் கதைக்குச் சிரித்தார். கோமதி கதையைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "நான் வார்த்தையத்தானே வே சொன்னேன்" என்றார், அதையே மறுபடி சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "எப்படியும் அந்த வீட்டுல வாக்குமூலம் எடுக்கணும். இன்னைக்கே போவோம். வண்டிய எடுக்கச் சொல்லும்" என்றார்.

நாங்கள் போனபோது வேன் வாசலில் நின்றது. கோமதியின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்குள் அவரை யாரும் கூப்பிடவில்லைபோல. கோமதியின் பெட்டி நடைக்கு வந்திருந்தது. அவள் மட்டும் வரவில்லை. முற்றத்தில் கட்டியிருந்த பசுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் போகமாட்டேன். இப்பம் போனா, நாந்தான் மாமாவக் கொன்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆகும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நிலைப்படியில் நின்றான். பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேச வராத அவனைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞானதாஸ் சார் ஆச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அம்மா, நான் சொன்னது அந்த மூலம் இல்ல. வார்த்தைக்கு வேரு. அந்த வேரு கிரேக்கம்."

ஆச்சி சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "கேட்டியளா? கிரகம்ங்காவ."

"கிரகம் இல்லம்மா, கிரேக்கம். அது ஒரு தேசம்."

"எந்தத் தேசமா இருந்தா என்னய்யா? நட்சத்திரம் ஒண்ணுதானே! வெள்ளைக்காரனே கண்டுபிடிச்சு வச்சிருக்கான். நான் அன்னைக்கே சொன்னேன், மூலம் மாமனாருக்கு ஆகாதுன்னு. 'மூலமாவது வேலமாவது, பிள்ளை நல்ல பிள்ளை'ன்னு அவியதான் முடிச்சிட்டாவ. என் சொல்லு எப்பம் எடுபட்டுச்சு?"

சார் என்னைப் பார்த்தார். ஐந்து பாஷைகளின் வேர் தெரிந்தவர், ஒரு கிழவியிடம் ஒரு சொல்லைத் திரும்ப வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். "சரி, எழுதும். வாக்குமூலத்த எடுத்துருவோம்" என்றார்.

"பாத்தியளா, அதுலயும் வருது!" என்றாள் ஆச்சி.

யாரும் சிரிக்கவில்லை. இந்த ஒரு சொல்லை எங்கே தொட்டாலும் அது அந்தப் பெண்ணின் தலையில்தான் போய் விழுந்தது.

சார் தன் முறையிலேயே தொடங்கினார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும். தண்ணீர் எப்போது வந்தது, வீட்டில் யார் யார் இருந்தார்கள், தொழுவம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆச்சி தெளிவாகச் சொன்னாள், நான் எழுதினேன். பிறகு வழக்கமான அந்தக் கேள்வி வந்தது. யாரும் வற்புறுத்தித் தண்ணீருக்குள் அனுப்பவில்லை என்று உறுதிசெய்ய, வெள்ளச் சாவு எல்லாவற்றிலும் நாங்கள் கேட்கிற கேள்விதான்.

"அவர் தானாப் போனாரா, யாரும் போகச் சொன்னாங்களா?"

ஆச்சி வாயைத் திறந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாயில் அடித்துக்கொண்டு அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 'நாந்தானே அனுப்புனேன்.' அந்த நினைப்போடு அவளால் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது. அந்த நேரத்தில் எங்கள் தாசில்தார் வராந்தாவில் நின்று, காரணம் நட்சத்திரம் என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது; பிடித்துக்கொண்டாள். அவள்மேல் இருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

சார் வற்புறுத்தவில்லை. "அந்த நேரம் வீட்டுல வேற யாரு இருந்தா?" என்றார். பசுவுக்குப் பக்கத்திலிருந்து கோமதி வந்தாள். ஆச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரை ஒட்டி நின்றாள்.

"நீ பாத்ததச் சொல்லும்மா. பைய, யோசிச்சுச் சொல்லு. மாமாவ யாரும் போகச் சொன்னாங்களா?"

எனக்குப் பேனா ஓடவில்லை. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே கேட்டுக்கொண்டு நிற்கிறது. மூலம், நிர்மூலம் எல்லாம் அந்த நிமிஷமே அவள் தலையிலிருந்து இறங்கி, இறங்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் கோமதி. "மாமாவாத்தான் போனாவ. அத்தை வேண்டாம் வேண்டாம்னு கையப் பிடிச்சு இழுத்தாவ. மாமா உதறிட்டுப் போயிட்டாவ."

நான் சாரைப் பார்த்தேன். ஆச்சியின் அழுகை அன்று அவர் காதிலும் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு, "எழுதும்" என்றார். எழுதினேன். வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். 'அத்தை கையைப் பிடித்து இழுத்தார்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்ததுபோல எனக்குத் தோன்றியது.

"சரியா?"

"சரி சார்" என்றாள் கோமதி.

சார் கொஞ்சம் பொறுத்தார். ஆச்சியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சரியா அம்மா?"

செல்லம்மாள் ஆச்சி தலையாட்டினாள். இரண்டாவது தடவை கேட்டார்.

"இல்ல" என்றாள் ஆச்சி. "நான் கையப் பிடிக்கல. பிடிச்சிருந்தா அவிய இருந்திருப்பாவ."

"அத்தை, சும்ம இருங்க. நான் பாத்தேன்" என்றாள் கோமதி.

"நீ ஒண்ணும் பாக்கல. நான் பிடிக்கல. போங்க, போயி அவுத்துட்டு வாங்கன்னேன். போயிட்டாவ."

"பிடிச்சிய அத்தை."

"பிடிக்கலட்டி!"

இரண்டு பேரும் பிடித்தீர்கள், பிடிக்கவில்லை என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கோமதியும் சுவரை விட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் அழுதார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். ஒருத்தி பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யை அடிப்பது மனிதத்தன்மை இல்லை. மற்றவள் உண்மை சொல்கிறாள். அதை எழுதுவதும் மனிதத்தன்மை இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்கு வழி சொல்லித் தந்ததில்லை.

"எதை எழுத சார்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த தாளை மடித்துவைத்தார். "பசுவை அவிழ்க்கப் போனார். வெள்ளம் கொண்டுபோயிற்று. அவ்வளவு போதும் வே" என்றார். "அதுல யாருக்கும் மறுப்பு உண்டா?" யாருக்கும் இல்லை. வேறு தாளில் எழுதினேன். இரண்டு தடவை கேட்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

ஆச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். நடையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி கோமதி, செவலைக்குத் தண்ணி காட்டுனியா?"

"இன்னும் இல்ல அத்தை."

"காட்டு. அண்ணாச்சி, வெயில்ல எதுக்கு நிக்கிய? உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு வண்டிய எடுங்க."

ஆறுமுகம் அப்போதுதான் அசைந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அந்த அளவுக்காவது அவனுக்குப் புத்தி இருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் ஞானதாஸ் சார் ஒன்றும் பேசவில்லை. சுத்தமல்லி தாண்டினோம். மனதுக்குள் இன்னும் குழப்பமாக இருந்தது. அந்தப் பெண் பொய் சொன்னாள், அந்தப் பொய்தான் ஆச்சியின் வாயிலிருந்து உண்மையைக் கொண்டுவந்தது. நாங்கள் எழுதியதோ இரண்டும் இல்லை. அவரைப் பேசவைக்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன்.

"சார், வாக்குமூலத்துக்கு மூலம் என்ன சார்?"

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் வைத்துத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

"தெரியலை வே" என்றார்.